சேலம் வெயிலில் பிள்ளைகளுக்கு ஒரு தோட்டம்

செடி வாங்கக் கிளம்பும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் போடப்போவது பார்க்கிற தோட்டமா, பறிக்கிற தோட்டமா? புல்தரையும் குரோட்டன்ஸும் வைத்துவிட்டு "தொடாதே, மிதிக்காதே" என்று கத்திக்கொண்டிருந்தால் பிள்ளை செல்போனுக்குத்தான் திரும்பும்.

முதல் வேலை நிழல். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும், இரும்பு ஊஞ்சலில் கையே வைக்க முடியாது. மாமரம் இருந்தால் அதன் அடியிலேயே கயிற்று ஊஞ்சல், மணல் குழி எல்லாம் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கொய்யா நடுங்கள், கிளை நன்றாக வளையும், ஏறிப் பழக அதுதான் தோது. முருங்கையில் மட்டும் ஏறவிடாதீர்கள், சட்டென்று முறிந்துவிடும். மரம் வளரும்வரை, ஆடியில் நாலைந்து மூங்கில் கழிகளைக் கூம்பாகக் கட்டி, நுழைய வழி விட்டு, அடியில் அவரை விதை ஊன்றினால் ஐப்பசி வாக்கில் உள்ளே உட்கார ஒரு பச்சைக் குடிசை கிடைக்கும்.

அப்புறம் அரளி. பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாக விளைகிற பூ, மாலைக்கு இல்லாமல் முடியாது, அதனாலேயே வீட்டு வேலியிலும் வைத்துவிடுகிறோம். இலை, பூ, விதை எல்லாமே விஷம். எதையும் வாயில் வைக்கிற வயதில் பிள்ளை இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, பால் தெறிக்கும் எருக்கு இவையும் வேண்டாம்.

சரி, எதை வைப்பது? பிள்ளைகளுக்குக் காத்திருக்கத் தெரியாது, அதனால் வெந்தயத்தில் தொடங்குங்கள், மூன்று நாளில் முளை தெரியும். காசித்தும்பை கட்டாயம் வையுங்கள், முற்றிய காயைத் தொட்டால் படக்கென்று வெடித்து விதை சிதறும். தண்ணீர் பட்டால் வெடிக்கிற பட்டாசுக்காய்ச் செடி சாலையோரத்திலேயே கிடைக்கும், அதையும் கொண்டுவந்து நடுங்கள். கறிவேப்பிலையில் புழு வந்தால் மருந்தடிக்காதீர்கள். பறவை எச்சம் போல இருக்கிற அந்தக் குட்டிப் புழு பச்சையாக மாறி, கூட்டுப்புழுவாகி, கருப்புப் பட்டாம்பூச்சியாகப் பறப்பதைப் பிள்ளை தினமும் போய்ப் பார்க்கட்டும், நாலு கொத்து இலை போனால் போகட்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வெயில் கவலை இல்லை, பாசிதான் கவலை. வழவழப்பான கல் பதிக்காமல் சரளைக்கல் கொட்டிப் பாதை போடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தாலும் மூடி போட்டே இருக்கட்டும், தவழும் குழந்தைக்கு ஒரு சாண் ஆழமே ஆபத்து.