கல்விச் சீருக்கு முன்னால் ஊர் கூடிப் பேச வேண்டியவை

மேளதாளத்தோடு ஊரே திரண்டு, பள்ளிக்கு வேண்டிய பொருட்களைச் சீர்வரிசை போலக் கல்விச் சீராகக் கொண்டுபோவதைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். தாம்பாளங்களில் நோட்டு, பென்சில், பழம். பின்னால் மினி லாரியில் பீரோ, நாற்காலி, மின்விசிறி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் அப்படித்தான் வந்தது, மூன்று பீரோக்களோடு. பள்ளியில் இருந்ததோ இரண்டே வகுப்பறை. சுவரோரம் பீரோக்களை நிறுத்தியதும் பிள்ளைகள் உட்காரும் இடம் குறைந்தது. அந்த நேரத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொடுத்தவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

என்ன வேண்டும் என்று முடிவு செய்யாமலே உதவி கேட்கக் கிளம்புவதுதான் பெரிய தவறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாக்களை ஒருமுறை பள்ளியைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எது அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும். அதைத் தீர்மானமாக எழுதி, அளவும் விலையும் குறித்துக்கொண்ட பிறகு யாரிடம் வேண்டுமானாலும் போகலாம்.

வாங்கும் செலவை மட்டும் கேட்டுவிட்டுப் பராமரிப்பை மறந்துவிடுவதும் நடக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு ஃபில்டர் மாற்றுவது யார்? பேசி வைக்காவிட்டால் மறுவருடமே அது துணி போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும்.

பண விஷயத்தில் கொஞ்சமும் அசட்டை கூடாது. தலைமையாசிரியர் கையில் ரொக்கம் கொடுப்பது, யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்வது இரண்டுமே நல்ல மனிதர்களின் பெயரைக் கெடுக்கும். குழுவின் வங்கிக் கணக்கு, ரசீது, கூட்டத்தில் வாசிக்கப்படும் கணக்கு இருந்தாலே பாதி சந்தேகம் போய்விடும். வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ தளம் வசதி. தன் பள்ளியைத் தேர்ந்தெடுத்தே கொடுக்கலாம்.

அப்புறம், வசதியானவர் வீட்டு வாசலில் மட்டும் நிற்காதீர்கள். கொத்தனார், எலக்ட்ரீஷியன், நர்சரி வைத்திருப்பவர் என்று எல்லோரிடமும் கொடுக்க ஏதாவது இருக்கிறது. எங்கள் தாழ்ப்பாளைக் கடைசியில் போட்டுக் கொடுத்தது ஊர்த் தச்சர்தான். கூலி வாங்கவில்லை, அவருடைய பேத்தி அங்கேதான் படிக்கிறாள்.

நன்கொடையாளர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைக்கும் பழக்கத்தை மட்டும் என்னால் பொறுக்கவே முடியாது. கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சரி. ஒரு மாதத்துக்குள் பில்லின் நகலையும், அந்தப் பொருள் பயன்பாட்டில் இருக்கும் படத்தையும், பிள்ளைகள் எழுதிய ஒரு கடிதத்தையும் அனுப்புங்கள். அடுத்த வருடமும் அவரிடம் தயங்காமல் பேசலாம்.