பழைய போலீஸ் தொடரை ஜோடிக் காமெடிப் படமாக்குவது எப்படி: திரைக்கதை வேலை முறை

இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு கார், வாரம் ஒரு கேஸ். பழைய அமெரிக்கத் தொடருக்கு இது தாராளம். 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' ஏபிசி சேனலில் 1975 முதல் 1979 வரை நான்கு சீசன் ஓடியது இதை வைத்துத்தான். அதே சரக்கை நூறு நிமிடப் படத்தில் இறக்கினால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தொடரில் ஜோடி மாறக்கூடாது. அடுத்த வாரமும் அதே இருவர் அதே காரிலிருந்து இறங்க வேண்டும். படத்தில் அவர்கள் மாறாவிட்டால் கதையே இல்லை. ஆகவே தொடரில் தயாராக இருந்த நட்பைப் பிரித்துப் போட்டு, அது எப்படி உண்டானது, எங்கே அறுந்துபோகப் பார்த்தது என்று எழுதுவதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. கார், விக், பெல்பாட்டம் எல்லாம் மீதிக் கால் பங்கு.

உட்காரும் முன் உரிமையைப் பாருங்கள். தலைப்பு, பாத்திரங்கள், தீம் இசை மூன்றும் ஒரே கையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' தொடருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட தீம் இசை உண்டு. ரசிகர் மனதில் நிற்பது டாம் ஸ்காட் போட்ட மெட்டு. எந்த மெட்டு வேண்டும் என்று முடிவு செய்து, அதன் உரிமையைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இசை கிடைக்காது என்று படப்பிடிப்பு முடிந்தபின் தெரிந்தால், அதை நம்பி வெட்டிய அறிமுகக் காட்சி அந்தரத்தில் தொங்கும்.

தொடரைப் பார்க்கும் முறை

எல்லா எபிசோடையும் பார்க்காதீர்கள். பைலட்டை, அதாவது தொடருக்கு முன்னோட்டமாக எடுத்த முதல் எபிசோடை, இரண்டு முறை, பிறகு ஒவ்வொரு சீசனிலிருந்தும் மூன்று என்று எடுத்தால் போதும். கதையைக் குறிப்பெடுக்கத் தேவையில்லை. கதைகள் மறந்தே போகும். திரும்பத் திரும்ப வருவதை எழுதுங்கள்: கேப்டன் எப்போது கத்துகிறார், கார் எப்படித் திரும்புகிறது, துப்புக் கொடுப்பவனை எங்கே சந்திக்கிறார்கள், கடைசி ஷாட்டில் இருவரும் என்ன செய்கிறார்கள். ஒரு தாளில் நெடுக்காக மூன்று பத்தி பிரித்து, இன்றும் சிரிக்காமல் பார்க்க முடிவதை முதலிலும், இன்று சிரிப்பு வருவதை இரண்டாவதிலும், இன்று எரிச்சல் மூட்டுவதை மூன்றாவதிலும் போடுங்கள். மூன்றாவதைக் கிழித்துப் போடலாம். இரண்டாவது உங்கள் ஜோக் கிடங்கு. முதலாவதைத் தொடவே கூடாது. பெரும்பாலும் அந்தப் பத்தியில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: இந்த இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உண்மையான பாசம் இருந்தது. அதைக் கேலி செய்தால் படம் விழும்.

காலம்

இதுவரை கைகொடுத்த வழிகள் மூன்று. தொடரின் காலத்திலேயே கதையை வைக்கலாம்: டாட் பிலிப்ஸ் 2004-இல் எடுத்த 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' எழுபதுகளிலேயே நிற்கிறது, உடை, முடி, டிஸ்கோ எல்லாம் தானாகச் சிரிப்பைக் கொடுக்கும், ஆனால் செலவு ஏறும். பெயரையும் ஏற்பாட்டையும் மட்டும் எடுத்து இன்றைக்குக் கொண்டுவரலாம்: 1987-இல் தொடங்கிய '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' 2012-இல் இப்படித்தான் படமானது. மூன்றாவது, வாரிசு வழி. 1987-இல் வந்த 'டிராக்நெட்' படத்தில் டான் அய்க்ராய்ட் நடித்தது பழைய தொடரின் போலீஸ்காரர் ஜோ ஃப்ரைடேயின் மருமகனாக, அதாவது உடன்பிறந்தவரின் மகனாக. மாமனின் இறுக்கமான பேச்சு ஒரு சொல் மாறாமல் மருமகன் வாயில் வருகிறது; பக்கத்தில் டாம் ஹாங்க்ஸ் இன்றைய ஆளாக உட்கார்ந்திருக்கிறார். மூன்றில் செலவு குறைவானது இதுதான். தொடரின் தொனி ஒருவரிடம் மட்டும் இருக்கும், மற்றவர் பார்வையாளரின் பிரதிநிதி.

ஜோடியைக் கட்டுவது

ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை, ஒரு பயம் கொடுங்கள். பிறகு திறமை செல்லாத இடத்தில் ஆளை நிறுத்துங்கள். '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' இதைச் செய்யும் விதத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிப்பது நல்லது. பள்ளியில் ஷ்மிட் படிப்பாளி, யாரும் மதிக்காதவன். ஜென்கோ உடம்பு வளர்த்தவன், எல்லோருக்கும் பிடித்தவன். போலீஸ் பயிற்சியில் ஒருவர் குறையை மற்றவர் நிரப்பி நண்பர்களாகிறார்கள். மாணவர் வேடத்தில் மறுபடி பள்ளிக்குள் போகும்போது, யாருக்கு எந்தப் போலிப் பெயர் என்று தலைமையாசிரியர் அறையில் குழம்பிவிடுகிறார்கள். விளைவு, ஜென்கோ வேதியியல் வகுப்பில். ஷ்மிட் நாடகத்திலும் ஓட்டப்பந்தயத்திலும். இந்த ஒரு குழப்பத்தில் மூன்று வேலை நடக்கிறது. காமெடி கிடைக்கிறது, பொறாமைக்கு விதை விழுகிறது, கிளைமாக்ஸ் துரத்தலில் ஜென்கோ வெடி தயாரிக்க வேதியியல் கைகொடுக்கிறது. கைது செய்யும்போது சொல்லவேண்டிய உரிமைகளை ஆரம்பத்தில் ஜென்கோ சொல்லத் தெரியாமல் விழிக்கிறான், அதனால் குற்றவாளி வெளியே வருகிறான். கடைசியில் அதே வரிகளை ஒழுங்காகச் சொல்லிக் கைது செய்கிறான். விதைத்த எதையும் அறுக்காமல் விடவில்லை.

ஜோடியின் குணத்தைத் தொடரில் இருந்தபடியே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2004 படத்தில் ஸ்டார்ஸ்கி சட்டப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுபவன், ஹட்ச் எதையும் அலட்டிக்கொள்ளாதவன். தொடரில் ஏறக்குறைய நேர்மாறு. பென் ஸ்டில்லருக்கும் ஓவன் வில்சனுக்கும் எது பொருந்துமோ அதைப் பிடித்தார்கள். மாற்றக் கூடாதது முரண். எந்தப் பக்கம் யார் என்பது நடிகரைப் பார்த்து முடிவு செய்யவேண்டியது.

கேஸ் சின்னதாக இருக்கட்டும்

குற்றக் கதையை ஐந்து வாக்கியத்தில் சொல்ல முடியவேண்டும். ஆறாவது வாக்கியம் தேவைப்பட்டால் ஒரு திருப்பத்தை வெட்டுங்கள். ஏனென்றால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் விளக்க வசனம் வேண்டும். விளக்கம் ஓடும் ஒன்றரை நிமிடமும் ஜோடி சும்மா நிற்கும். குற்றப் பொருளே சிரிப்புக்கு வழி விடுவதாக இருந்தால் பாதி பாரம் குறையும். 2004 படத்தின் வில்லன் விற்பது மணமே இல்லாத, சர்க்கரைக்கு மாற்றாகப் போடும் பொடிபோல் இனிக்கும் கொக்கைன். ஸ்டார்ஸ்கி அதைக் காபியில் கலந்து குடித்துவிட்டு டிஸ்கோவில் ஆட்டப் போட்டிக்கு இறங்குகிறான். கேஸும் காமெடியும் ஒரே பொட்டலத்தில்!

பக்கக் கணக்கு

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று வைத்து 105 பக்கத்தில் நிறுத்துங்கள். 12-ஆம் பக்கத்துக்குள் இருவரும் ஒரே காரில் இருக்கவேண்டும். 25-க்குள் கேஸ் கையில். 55 வாக்கில் எல்லாம் கைகூடி வருவதுபோல் ஒரு வெற்றி. இடைவேளை வைத்து எழுதிப் பழகியவர்கள் இங்கே பெரிய அதிர்ச்சி வைப்பார்கள், இந்த வடிவத்தில் அதைத் தள்ளிப்போடுங்கள். அதிர்ச்சி 75-க்கும் 80-க்கும் இடையில் வரும் பிரிவு. அது வில்லனால் வரக்கூடாது. இருவரின் குணமே காரணமாக வேண்டும். 2004 படத்தில் பெரிய கைது என்று போய் ஸ்டார்ஸ்கி கேரேஜ் பூட்டைச் சுட, குண்டு படுவது வில்லன் மகளுக்குப் பரிசாக உள்ளே வைத்திருந்த ஒரு குட்டைக் குதிரைமேல். அவமானம், பழி, பிரிவு எல்லாம் அந்த ஒரு குண்டில் வருகிறது. ஷ்மிட்டும் ஜென்கோவும் பள்ளி நாடக மேடையிலேயே கட்டிப் புரள்கிறார்கள். இரண்டும் பார்க்கச் சிரிப்பு, அவர்களுக்கு வலி. வலி இல்லாத பிரிவை எழுதினால், சேரும்போது யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள்.

துரத்தல் காட்சிக்கு ஒரு யோசனை போதும், பத்து கார் வேண்டாம். '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' நெடுஞ்சாலைக் காட்சியில் எரிபொருள் ஏற்றிய லாரி மோதுகிறது. வெடிக்கப்போகிறது என்று இருவரும் குனிகிறார்கள், வெடிப்பதில்லை. அடுத்ததும் அப்படியே. கடைசியில் கோழி ஏற்றிப்போகும் வண்டி வெடிக்கிறது. தொடர்கள் முப்பது வருடம் பழக்கிவைத்த எதிர்பார்ப்புதான் இங்கே ஜோக். இரண்டு முறை ஏமாற்றி, மூன்றாவதில் கொடுங்கள். நான்காவது முறை ஏமாற்றினால் தியேட்டர் அடங்கிவிடும்.

பழைய நடிகர்கள்

கேமியோ, அதாவது தெரிந்த முகம் சற்றே தலைகாட்டிப் போவது, ஒன்று, அதிகம் போனால் இரண்டு, அதுவும் கதையில் ஒரு வேலையோடு. '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' படத்தில் ஜானி டெப்பும் பீட்டர் டெலூயிஸும் தொடரில் நடித்த தங்கள் பழைய பாத்திரங்களாகவே வந்து, துப்பாக்கிச் சண்டை நடுவே வேடம் கலைத்து, அங்கேயே செத்தும் போகிறார்கள். இனி இது புதியவர்களின் கதை என்பது வசனமே இல்லாமல் விளங்கிவிடுகிறது. தொடரின் ஜோடியான பால் மைக்கேல் கிளேசரும் டேவிட் சோலும் 2004 படத்தின் முடிவில் வருகிறார்கள். ஸ்டார்ஸ்கி உயிராக வைத்திருந்த சிவப்பு ஃபோர்டு கிரான் டொரினோ தண்ணீருக்குள் போய்விட்டது. வெள்ளைப் பட்டை போட்ட இன்னொன்றை இவர்கள் கையளிக்கிறார்கள். மரியாதையை இப்படித்தான் காட்டவேண்டும். முகத்தைக் காட்டி, கைதட்டலுக்கு இடம் விட்டுப் போகும் கேமியோவை எடிட்டிங்கில் முதலில் வெட்டுவார்கள்.

எங்கே உடைகிறது

1977-இல் தொடங்கிய 'சிப்ஸ்' நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் பற்றிய குடும்பத் தொடர். 2017 படம் வயது வந்தோருக்கான கொச்சை காமெடியாக வந்தது, சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்த படத்தின் உலக வசூல் அந்தத் தொகையைச் சற்றே தாண்டியதோடு நின்றது. கொச்சைதான் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' படமும் அதே சான்றிதழோடு வந்து 20 கோடி டாலரைத் தாண்டியது. தொடரில் பான்ச்சும் பேக்கரும் பக்கத்து வீட்டுப் பையன்கள்போல் இருந்தார்கள், ரோந்தே அவர்கள் உலகம். படத்தில் பான்ச் வேறொரு பெயரில் ரோந்துப் படைக்குள் நுழையும் எஃப்பிஐ ஆள். பழைய ரசிகருக்குத் தெரிந்த ஜோடி அங்கே இல்லை; புதியவருக்கோ பெயரே புதிது. அதாவது, அந்தத் தாளின் முதல் பத்தியில் இருக்கும் பாசம் என்ற ஒரு வரியைத் தொட்டுவிட்டார்கள்.

முதல் டிராஃப்ட் முடிந்ததும் இரண்டு பேரை உட்காரவைத்து முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாத்திரப் பெயர்களை மறைத்த பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு வசனத்தைக் கேட்டதும் அது யாருடையது என்று சொல்ல முடியாவிட்டால் ஓரத்தில் கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில் நான்கு கோடு விழுந்தால் வசனத்தைத் திருத்திப் பயனில்லை. அந்தக் காட்சியில் இருவருக்கும் வேறு வேறு தேவை இல்லை என்று பொருள். ஒருவன் எதை விரும்புகிறான், மற்றவன் ஏன் மறுக்கிறான் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு காட்சியைப் புதிதாக எழுதுங்கள்.