கிளாங் திடீரென்று ‘ஐயோஸ்ட்ரீம்’ இல்லை என்றால்: உபுண்டு 22.04-க்கு ஒரு செய்முறை

கிளாங் என்ற கம்பைலரில் நேற்று வரை ஓடிய சி++ நிரல், அப்டேட் முடிந்த மறுநாள் முதல் வரியிலேயே விழுகிறது: ‘ஃபேட்டல் எரர்: ஐயோஸ்ட்ரீம் ஃபைல் நாட் ஃபவுண்ட்’. ஐயோஸ்ட்ரீம் என்பது திரையில் அச்சிட நிரலின் தலையில் சேர்க்கும் நூலகக் கோப்பு, அதாவது ஹெடர். நிரலில் நீங்கள் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. சேலத்தில் படிக்கும் தம்பி ஒருவர், விடுமுறைக்கு ஏற்காடு நாகலூருக்குப் போன இடத்தில் இதில் மாட்டிக்கொண்டு போன் செய்தார். “அண்ணா, உபுண்டுவையே அழிச்சிட்டு மறுபடி போட்டுடட்டுங்களா?”

வேண்டாம். மலையில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் பல ஜிபி இறக்குவது நடக்கிற காரியமில்லை. அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து மறுபடி போட்டாலும், ஏன் உடைந்தது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் திரும்பவும் உடையலாம். எங்கே தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பதைக் கம்பைலரே சொல்லும். முதலில் அதைக் கேட்போம்.

(கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, புள்ளி, கூட்டல் குறி எல்லாம் இங்கே இருப்பதுபோலவே.)

முதலில், கோளாறு யார் பக்கம்?

எஸ்டிடிஐஓ.ஹெச்-ஐச் சேர்த்து, வெறும் மெயின் மட்டும் உள்ள ஏ.சி என்ற ஒரு சி கோப்பு எழுதி ‘கிளாங் ஏ.சி’ என்று ஓட்டுங்கள். பிறகு ஐயோஸ்ட்ரீமைச் சேர்த்து ஒரு வரி அச்சிடும் பி.சிபிபி எழுதி, அதை ‘ஜி++ பி.சிபிபி’ என்றும் (ஜி++ என்பது ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரின் சி++ வடிவம்) ‘கிளாங்++ பி.சிபிபி’ என்றும் இரண்டு விதமாக ஓட்டுங்கள். சி கோப்பு ஓடுகிறது, ஜி++ ஓடுகிறது, கிளாங்++ மட்டும் விழுகிறது என்றால் உங்கள் நிரலும் சரி, கிளாங்கும் சரி. சி++ நூலகம்தான் கிளாங்கின் கண்ணில் படவில்லை. சிலருக்கு ஹெடர் பிழைக்குப் பதிலாக லிங்க் செய்யும்போது ‘கேனாட் ஃபைண்ட் -எல்எஸ்டிடிசி++’ என்று வரும். அதுவும் இதே நோய்தான்.

சி கோப்பே ‘எஸ்டிடிஐஓ.ஹெச் இல்லை’ என்று விழுந்தால் விஷயம் வேறு. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

இப்போது கம்பைலரையே கேளுங்கள்

கோப்புப் பெயர் எதுவும் தராமல் ‘கிளாங்++ -வி’ என்று மட்டும் தட்டுங்கள். சில வரிகள்தான் வரும். ‘ஃபவுண்ட் கேண்டிடேட் ஜிசிசி இன்ஸ்டலேஷன்’ என்று தொடங்கும் வரிகளில் 11, 12 என முடியும் பாதைகள் இருக்கும். கீழே ‘செலக்டட் ஜிசிசி இன்ஸ்டலேஷன்’ என்ற வரி எந்த எண்ணில் முடிகிறது என்று பாருங்கள். தம்பியின் மடிக்கணினியில் 12.

அடுத்து, ‘எல்எஸ் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/சி++’. அங்கே 11 மட்டும்தான் இருந்தது.

கிளாங் 12-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 12-க்கான ஹெடர்கள் வட்டிலேயே இல்லை. கோளாறு இவ்வளவுதான்.

இது எப்படி நடந்தது?

லினக்ஸில் கிளாங் சாதாரணமாகத் தனக்கென்று சி++ நூலகம் வைத்துக்கொள்வதில்லை. ஜிசிசியுடையதைத்தான் கடன் வாங்குகிறது. அதற்காக /யூஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி அடைவுக்குள் தேடி, இருப்பதிலேயே பெரிய பதிப்பு எண்ணை எடுத்துக்கொள்ளும். சிஆர்டிபிகின்.ஓ என்ற சிறு கோப்பு அங்கே கிடந்தால் போதும், இது முழு ஜிசிசி என்று நம்பிவிடும்.

ஆனால் டெபியனிலும் உபுண்டுவிலும் ஜிசிசி ஒரே பேக்கேஜாக வருவதில்லை. தட்டுவடை செட் கேட்டால் தட்டுவடை தனி, சட்னி தனி, காய் தனி என்று மூன்று பில் போடுகிற கடை மாதிரி. அந்தச் சிறு கோப்பு இருப்பது லிப்ஜிசிசி-12-டெவ் பேக்கேஜில். அது ஜிசிசி-12-உடன் வந்துவிடும். சி++ ஹெடர்கள் இருப்பதோ லிப்எஸ்டிடிசி++-12-டெவ் பேக்கேஜில். அது ஜி++-12 போட்டால்தான் கூடவே வரும். உபுண்டு 22.04-இன் இயல்பான ஜிசிசி 11. வேறொரு தேவைக்காக, உதாரணமாகக் கர்னல் மாட்யூல் கட்டுவதற்காக, ஜிசிசி-12 மட்டும் உள்ளே வந்தால் கிளாங் அரைகுறை 12-ஐப் பிடித்துக்கொள்கிறது. ஜி++ தன் 11-லேயே இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தப் பேக்கேஜ்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பிழையில்லை. அதனால்தான் ‘ஆப்ட்’ எந்த எச்சரிக்கையும் தராது.

சரிசெய்வது

‘சூடோ ஆப்ட் அப்டேட்’, அதன்பின் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்எஸ்டிடிசி++-12-டெவ்’. சில எம்பிதான், மலையிலேயே இறங்கிவிடும். முடிந்ததும் பி.சிபிபியை மறுபடி கிளாங்++ கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

நெட் சுத்தமாக இல்லையென்றால் கிடைக்கும் வரை ஜி++ கொண்டே வேலையை ஓட்டுங்கள். ஹெடர் பாதைகளையும் நூலகப் பாதையையும் கையால் கொடுத்துக் கிளாங்கைப் பழைய 11-க்குத் திருப்பவும் வழி உண்டு. ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு அந்த நீளக் கட்டளை தலைவலிதான் மிச்சம்.

சிலர் ஜிசிசி-12-ஐ நீக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏதோ ஒன்று அதைக் கேட்டுத்தான் உள்ளே கொண்டுவந்திருக்கிறது. நீக்கியே தீருவேன் என்றால் முதலில் ‘ஆப்ட் -எஸ் ரிமூவ் ஜிசிசி-12’ என்று ஒத்திகை பாருங்கள். கூடவே எவையெல்லாம் போகும் என்று பட்டியல் வரும், எதுவும் நீங்காது.

வேறு பிழை வந்தால்

ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று தெரிய ‘டிபிகேஜி -எஸ்’ போட்டுக் கோப்பின் முழுப்பாதையைக் கொடுங்கள். இந்த எஸ் மட்டும் பெரிய எழுத்து. /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/சி++/11/ஐயோஸ்ட்ரீம் என்று கொடுத்தால் லிப்எஸ்டிடிசி++-11-டெவ் என்று பதில் வரும். அதில் 11-ஐ 12 ஆக்கினால் நமக்குத் தேவையான பேக்கேஜின் பெயர். இணையத்தில் தேடவே வேண்டியதில்லை.

என்றைக்கு எது உள்ளே வந்தது என்பது /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பில் தேதியோடு இருக்கும். ‘நான் எதுவுமே பண்ணலைங்க’ என்று சொல்லும் முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.

உபுண்டு 24.04-இல் இயல்பான ஜிசிசி 13. அங்கே 14 பாதி வந்து நின்றால் இதே வழிதான். 12 என்ற இடத்தில் 14 போட்டுக்கொள்ளுங்கள்.