பழைய காருக்குப் பழைய ரேடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, செய்தித்தாளில் சுற்றிய கார் செட்டோடு வந்தார். பிரீமியர் பத்மினி கார் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறதாம். "கடையில நல்லாத்தான் பாடுச்சுண்ணே, வீட்ல மாட்டினதும் அரை மணி நேரத்துல செத்துப்போச்சு" என்றார். திறந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரை வண்டியின் பாடியில் சேர்க்கும் இதே தவறில் நான் இரண்டு செட்டை இழந்திருக்கிறேன்.

டிஸ்பிளே எரிகிறதா, பட்டன் அமுங்குகிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கப்ளர் இல்லாத செட்

வண்டியிலிருந்து அவசரமாகக் கழற்றும்போது பின்பக்கக் கப்ளரை (ஒயர்கள் சேரும் பிளக்) அங்கேயே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஒயரை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஒரே கம்பெனி செட்டுகளுக்குள்ளேயே மாடலுக்கு மாடல் கப்ளர் மாறும். தேடி அலைவதைவிட, கப்ளரும் ஒரு சாண் ஒயரும் சேர்ந்திருக்கும் செட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

கோட் கேட்கும் செட்

கார் கம்பெனியே பொருத்தி அனுப்பிய செட்டுகள் பலவற்றில் திருட்டுக்குப் பயந்து கோட் வைத்திருப்பார்கள். பேட்டரி இணைப்பு போய்த் திரும்பினால் நம்பர் கேட்கும். அந்த நம்பர் எழுதிய அட்டை பழைய ஓனரோடு போயிருக்கும். கடையில் பாடுகிறதே என்று நம்பாதீர்கள். மஞ்சள் (பேட்டரி), சிவப்பு (சாவி லைன்) இரண்டு ஒயரையும் எடுத்துவிட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

ஸ்பீக்கர் ஒயரை பாடியில் சேர்ப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான்.

இரண்டு திருகு குமிழ் வைத்த பழைய ரேடியோவுக்கு டாஷ்போர்டில் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர். ரேடியோவிலிருந்து ஒரு ஒயர் வரும். ஸ்பீக்கரின் மறுமுனையைப் பக்கத்திலிருக்கும் ஸ்க்ரூவில் மாட்டி பாடி எர்த் கொடுத்துவிடுவார்கள். அந்தச் செட்டுக்கு அது சரியான வேலை. பிறகு பின்னால் ஸ்பீக்கர் சேர்த்தவர்களும் பல வண்டிகளில் அதே பழக்கத்தில்தான் ஒயர் இழுத்தார்கள்.

நாம் இப்போது தேடி வாங்குவது நாலு ஸ்பீக்கர் செட். மேலே 4×45, 4×50 வாட் என்று அச்சிட்டிருக்கும். இதில் ஸ்பீக்கரின் இரண்டு முனைக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் உண்டு. செட் ஓடும்போது பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். மைனஸ் என்று பெயர்தானே தவிர, அது எர்த் கிடையாது. அதை பாடியில் தொட வைத்தால் அவுட்புட் ஐசி (ஆம்ப்ளிஃபையர் சிப்) நேரே ஷார்ட் ஆகிறது. நல்ல ஐசி தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். சத்தம் விட்டு விட்டு வரும். மலிவான செட் அந்த எச்சரிக்கையைக்கூடத் தராது.

எனக்கு அப்படித்தான் விட்டு விட்டு வந்தது. லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து ஒரு வாரம் ஓட்டினேன். செங்கல்பட்டு தாண்டும்போது கருகல் வாசனை வந்தது, அதோடு சரி. விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தீங்களா சார்?" என்று அவர் பொறுமையாகக் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. இன்னொன்று வாங்கினேன், மறுநாளே போனது. சரியான பொருளை விற்ற மனிதரைத் திட்டிவிட்டு வந்தேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

செட்டை மாட்டும் முன் வண்டியின் ஸ்பீக்கர் ஒயர்களைத் தனியாக விட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஒரு ஜோடிக்குள் 3, 4 ஓம் காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர், நல்லது. பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். எதிலும் இணைப்பு காட்டக் கூடாது. இடது, வலது மைனஸ்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கவும் கூடாது. காட்டினால் பழைய ஒயரை நம்பாதீர்கள். ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர் வீதம் புதிதாக இழுத்துவிடுங்கள். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் மாட்டுறோம்" என்று முறுக்கி டேப் சுற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஜப்பான் செட், அமெரிக்க செட்

ஜப்பானுக்கென்றே செய்த பழைய செட்டில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னையின் 93.5, 98.3 எதுவும் வராது. அமெரிக்க செட் 0.2 தாவித் தாவிப் போகும், புள்ளிக்குப் பின் ஒற்றைப்படையில் மட்டும் நிற்கும். 98.3 கிடைக்கும், 101.4-உம் 106.4-உம் நேராக நிற்காது. சில செட்டில் ஏரியா மாற்றும் வசதி உண்டு. அதைக் கடையிலேயே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மஞ்சளும் சிவப்பும்

இரண்டையும் சேர்த்து சாவி லைனில் கொடுத்தால் சாவியை எடுத்ததும் ஸ்டேஷன்கள் மறந்துபோகும். மஞ்சள் பேட்டரிக்கு, பியூஸோடு.

டாஷ்போர்டை அறுப்பது

வேண்டாம். செட்டின் 180×50 மி.மீ. முகப்புக்காக அறுத்த தகரம் திரும்ப வராது. டாஷ்போர்டுக்குக் கீழே பட்டை போட்டுத் தொங்கவிடுங்கள்.