முதல் வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான்

சோற்றையும் இட்லியையும் நிறுத்திய முதல் வாரத்திலேயே எடை இரண்டு கிலோ இறங்கினால் யாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். நம் தசைகளும் கல்லீரலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இருப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போய்விடுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். தொடக்கத்தில் தலைவலி, களைப்பு வருவதற்கு இது முக்கியக் காரணம். ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் உப்பிட்ட மோர் குடிக்கலாம்.

கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறினாலும் பதறாதீர்கள், அதுவும் பெரும்பாலும் தண்ணீர்தான். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், இடுப்பளவை நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். கொழுப்பு கரைவது அங்கேதான் தெரியும்.

2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் பங்கேற்றார்கள். ஓராண்டில் உணவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், உணவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. எனவே சோற்றை அடியோடு விட முடியாவிட்டால் பாதியாக்குங்கள். மீதி இடத்தில் கீரை, பொரியல், முட்டை, மீன் வரட்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.