பனியில் படம் எடுக்கப் போகிறீர்களா?

டெல்லியிலிருந்து ஜனவரியில் சிம்லா, மணாலி பக்கம் கிளம்பும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். பனி வெள்ளைவெளேரென்று இருந்தாலும் கேமரா அதை அழுக்குச் சாம்பலாகத்தான் பதிவு செய்யும். எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சம் என்றே அது கணக்குப் போடும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். பெரும்பாலான போன்களில் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

காலை, மாலைச் சாய்வெயிலில் எடுத்தால் பனியின் மேடுபள்ளமும் காலடித் தடமும் அழகாகத் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வையுங்கள்.

அப்புறம், இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்: ஹீட்டர் போட்ட அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும், ஈரம் உள்ளேயும் இறங்கலாம். அறைச் சூட்டுக்கு அது பழகிய பிறகே பையைத் திறங்கள்.