9900 எம்ஏஎச் என்று போட்ட செல்லில் உண்மையில் எவ்வளவு இருக்கும்?

டார்ச், எமர்ஜென்சி விளக்கு, ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே பெரும்பாலும் 18650 லித்தியம் செல்தான். மாற்றுச் செல் தேடினால் 6800, 8800, 9900 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-அவர், செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) என்று எழுதியவை வரிசையாக வந்து நிற்கும், அதுவும் மலிவாக. செல்லைச் சுற்றியிருப்பது வெறும் பிளாஸ்டிக் உறை. அதில் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம். அதனால் எண்ணை விட்டுவிட்டு அளவையும் எடையையும் பாருங்கள்.

18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்த உருளைக்குள் அடைக்க முடிவது சுமார் 3500 எம்ஏஎச். சாம்சங் 35இ, எல்ஜி எம்ஜே1, சான்யோ என்சிஆர்18650ஜிஏ ஆகிய மாடல்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. 4000-க்கு மேல் எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கீழே வைத்துவிடுங்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 3500 எம்ஏஎச்சை செல்லின் சராசரி வோல்டேஜான 3.6-ஆல் பெருக்கினால் 12.6 வாட்-அவர், அதாவது செல் தேக்கும் மொத்த ஆற்றல். செல்லின் எடை 48 கிராம் என்றால் கிலோவுக்குச் சுமார் 260 வாட்-அவர். அதே எடையில் 9900 உண்மையானால் கிலோவுக்கு 740 வரவேண்டும். அப்படியொரு செல் இருந்தால் மின்சார கார் கம்பெனிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருக்கும், டார்ச் கடைக்கு வந்தே சேராது.

அடுத்தது தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். நல்ல 18650 செல் 44 முதல் 50 கிராம் இருக்கும். போலி பெரும்பாலும் 25 முதல் 35-க்குள் நின்றுவிடும். ஆன்லைனில் வாங்குவதானால் செல்லைத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்கான விற்பனையாளர் அனுப்புவார். அனுப்ப மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

ஆனால் எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிட முடியாது. உருளைக்குள் சின்ன செல்லை வைத்து, மீதி இடத்தில் வெள்ளைப் பொடியை நிரப்பி விற்பதும் உண்டு. அதைவிட அதிகம் நடப்பது பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்லுக்குப் புது உறை போட்டு விற்பது. இதில் எடை கச்சிதமாக இருக்கும், கொள்ளளவு மட்டும் தேய்ந்திருக்கும். வெளிச்சத்தில் இரண்டு முனைகளையும், முக்கியமாகத் தட்டையான நெகடிவ் முனையை, சாய்த்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஜோடி ஜோடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அவை பழைய பேட்டரியில் செல்லை உலோகப் பட்டையோடு இணைத்த ஸ்பாட் வெல்டிங் தடம். புள்ளி இல்லாமல், அதை மறைக்க உப்புத்தாள் தேய்த்த கீறல் இருந்தாலும் அதே கதைதான்.

மல்டிமீட்டர் இருந்தால் வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள். புதுச் செல்லைப் பாதிக்கும் குறைவான சார்ஜில்தான் அனுப்புவார்கள் என்பதால் 3.4 முதல் 3.7 வரை காட்டும். 2.5-க்குக் கீழே இறங்கிய செல் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதைத் திரும்ப சார்ஜ் செய்வது ஆபத்து.

பெரிய எண்தான் நல்லது என்பதும் இல்லை. டிரில் மெஷின் போல் வேகமாகக் கரண்ட் இழுக்கும் கருவிக்கு 2500 எம்ஏஎச்சும் 20 ஆம்பியரும் தரும் சாம்சங் 25ஆர்தான் பொருத்தம். 3500 எம்ஏஎச்சும் 35 ஆம்பியரும் ஒரே 18650-ல் என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்றாவது பொய்.

சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவில் வரும், திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்களில் உச்சம் 2700, 2800 எம்ஏஎச். 2000 எம்ஏஎச் செல் 26, 27 கிராமும், 2500-க்கு மேற்பட்டது 30 கிராமும் இருக்கும். 18 கிராமில் 3000 என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். இதே அளவில் யூஎஸ்பி-சியில் சார்ஜாகும் 1.5 வோல்ட் லித்தியம் செல்லும் வருகிறது. அதில் பெரிதாக 3600 என்றும், பக்கத்தில் பொடி எழுத்தில் மில்லி வாட்-அவர் என்றும் இருக்கும். 1.5-ஆல் வகுத்தால் 2400 எம்ஏஎச்தான். இது பொய் இல்லை, கண்கட்டு.

பவர் பேங்கில் 10000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-அவர். 5 வோல்ட்டாக மாற்றும்போது இழப்பும் சேர்வதால் வெளியே வருவது சுமார் 6000. நேர்மையான கம்பெனி இந்தச் சின்ன எண்ணையும் பின்பக்கம் போட்டிருக்கும். எடை 150 கிராமுக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். இந்தியாவில் விற்பதானால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். அது பாதுகாப்புக்கான பதிவுதான், கொள்ளளவுக்கு உத்தரவாதம் இல்லை.

வாங்கிய செல்லைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் முழுதாக ஏற்றி, 500 மில்லிஆம்பியரில் இறக்குங்கள். 3500 செல்லுக்கு ஏழு மணி நேரம் ஆகும். இறக்கும்போது வரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; ஏற்றும்போது காட்டுவதில் செல்லில் சேராமல் வீணானதும் சேர்ந்திருக்கும், நிக்கல் செல்லில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். பல சார்ஜர்கள் 2.8 வோல்ட்டிலேயே நிறுத்திவிடும், கம்பெனி அளப்பதோ 2.5 பக்கம் வரை. ஆகவே 3300 காட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 3000-க்குக் கீழே என்றால் திரையைப் படமெடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நிக்கல் செல் மட்டும் கடையில் நாள்பட்டுக் கிடந்திருந்தால் முதல் தடவை குறைத்துக் காட்டும். மூன்று முறை ஏற்றி இறக்கிய பிறகு முடிவெடுங்கள்.